குடியிருப்புத் திட்டங்களில் ஊராரைக் கேட்கும் கட்டாயம் எங்கே இருக்கிறது? ஆட்சேபணை மனு எழுத ஆலோசனை வேண்டும்

ஏரிக்கரைவாசி:

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னைப் புறநகரில் ஓர் ஏரியின் கலங்கலுக்கு, அதாவது ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் இடத்துக்கு, கீழே பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருவுக்கும் ஏரிக்கும் நடுவில் பழைய நஞ்சை நிலம் இருக்கிறது. அதை விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்றக் கோரும் விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு சென்ற வாரம் நாளிதழில் வந்தது. அறிவிப்பு என்றால் ஆறேழு வரிதான். சில சர்வே எண்கள், மொத்தப் பரப்பு, ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்க ஒரு கெடு, அவ்வளவே. மாடியில் குடியிருக்கும் ஆசிரியை பழைய தாள்களை எடைக்குப் போட அடுக்கும்போது அது கண்ணில் பட்டிருக்கிறது. அவர் பார்க்காமல் விட்டிருந்தால் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே போய்ப் பேசலாம் என்று முதலில் நினைத்தோம். படித்துப் பார்த்த பிறகுதான் விவரம் புரிந்தது. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 1,50,000 சதுர மீட்டரைத் தொட்டால் அது நகரியம் என்ற பெரிய வகைக்குள் வந்துவிடும். ஆனால் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் கட்டாயமான பொதுமக்கள் கலந்தாய்விலிருந்து, கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் அதே அறிவிக்கை விலக்கு அளித்திருக்கிறது. ஆயிரம் வீடுகளுக்கு மேல் வரக்கூடிய ஒரு திட்டத்தைப் பற்றி, பக்கத்தில் இருப்பவர்களைக் கூட்டி வைத்து ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நடப்பதை எல்லோரும் கவனித்து வருகிறோம். 2022இல் அதன் 1,247.54 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச உடன்படிக்கையின்கீழ் முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் எல்லை தரையில் எங்கே போகிறது என்பது முடிவாகாமலேயே, பெரும்பாக்கத்தில் பெரிய அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்கு அனுமதிகள் கிடைத்தன. 2025 அக்டோபர் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் ஊர் முழுக்க அதைப் பற்றிப் பேசியது. அனுமதி தரும் முன்பு பேச இடமில்லாமல், தந்த பிறகு நீதிமன்ற வாசலில்தான் பேச வேண்டும் என்ற நிலை சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் மனுவை எப்படி எழுதினால் எடுத்துக்கொள்வார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நிலஅளவையர்:

ஐயா, நீங்கள் பார்த்த அந்த ஆறு வரி அறிவிப்பு மிகவும் மதிப்புள்ளது. நில உபயோகம் மாற்றத் தேவையில்லாத இடமாக இருந்தால் அதுகூட வந்திருக்காது. எந்த நிலம் எந்த உபயோகத்துக்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் ஏற்கெனவே குடியிருப்பு என்று வண்ணம் தீட்டிய நிலத்தில் திட்ட அனுமதி கேட்கும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிக்கும் கட்டாயம் நம் விதிகளில் இல்லை. ஆகவே கிடைத்த வாசல் இது ஒன்றுதான் என்று எண்ணி வேலையைத் தொடங்குங்கள்.

முப்பது ஆண்டுகள் சங்கிலியும் கோலும் பிடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். "எங்கள் ஊரின் இயற்கை அழிகிறது" என்று எழுதி ஐந்நூறு பேர் கையெழுத்திட்டால், அதிகாரி அதைக் கோப்பில் வைத்து, "பொதுவான ஆட்சேபணை" என்று ஒரு வரியில் குறித்துவிடுவார். "இந்தச் சர்வே எண்ணின் வடமேற்கு மூலையை ஒட்டி வாய்க்கால் புறம்போக்கு செல்கிறது, விண்ணப்பதாரரின் வரைபடத்தில் அது காட்டப்படவில்லை" என்று ஒருவரே எழுதினாலும் அதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டிய நிலை ஏற்படும்.

முதலில் கிராம வரைபடத்தையும், அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உரிய எஃப்.எம்.பி. எனும் புல அளவு வரைபடத்தையும், நிலத்தின் வகையும் பரப்பும் எழுதிய ஏ பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். பட்டா நிலம் என்று கேட்டதும் பலர் அடங்கிவிடுகிறார்கள். பட்டா என்பது உரிமைக்கான ஆவணம். அந்த நிலத்தில் தண்ணீர் நிற்காது என்பதற்கு அது சான்று ஆகாது. நம் பக்கத்து ஏரிகள் பலவற்றில், நீர் வற்றும் மாதங்களில் மட்டும் பயிரிட்ட பட்டா நிலங்கள் நீர்ப்பரப்பின் விளிம்பில் உண்டு. முழு நீர்மட்டம் எதுவரை என்பதை நீர்வளத் துறையின் ஏரிக் குறிப்பேட்டில் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் "டேங்க் மெமாயர்" என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். அந்த மட்டத்தையும் நிலத்தின் தரைமட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் உங்கள் மனுவில் பாதி முடிந்தது.

மறுபாதியை உங்கள் தெருவிலேயே எடுக்கலாம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் ஏறிய உயரம் வீட்டுச் சுவர்களில் கறையாக இன்னும் இருக்கும். சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தாலும் வீட்டுக்காரருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் வாசற்படியிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, கதவு எண்ணோடு அட்டவணை போடுங்கள், படம் எடுங்கள். புதிய திட்டம் தன் மனையை மண் கொட்டி உயர்த்தும். உயர்த்திய மனையில் தண்ணீர் நிற்காது என்று அவர்களுடைய அறிக்கை சொல்லும், அது உண்மையாகவும் இருக்கலாம். அங்கே நிற்காத தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. மனையின் எல்லைக்கு உள்ளே மட்டும் வடிகால் கணக்குப் போட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லைச் சுவருக்கு வெளியே அவற்றில் நிலமே இல்லை.

கட்டடப் பொறியாளர்:

நான் எதிர்த் தரப்பில், கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவன். ஏரியின் நீர்ப்பரப்பில் கட்டக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஊரைக் கூட்ட வேண்டும் என்றால், ஏற்கெனவே வீடு கட்டி முடித்தவர்கள் இனி வருபவர்களைத் தடுக்கும் இடமாகத்தான் அது முடியும். தாமதமாகும் ஒவ்வொரு மாதத்தின் வட்டியும் வீடு வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது. சென்னைக்கு வருகிற மக்களுக்கு வீடு வேண்டும் என்பதையும் இந்த இழையில் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஏரிக்கரைவாசி:

நீங்கள் எழுதியது நல்லது. வீடே கட்டக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. கலங்கலிலிருந்து வெளியேறும் உபரிநீருக்கு வழிவிட்டுக் கட்டுங்கள் என்கிறோம். அந்த வழி எது என்பதை அங்கேயே இருப்பவர்களிடம் வரைபடம் போடும் முன் கேட்டால், உங்கள் நிறுவனத்துக்கும் ஓராண்டு வழக்கு மிச்சமாகும் அல்லவா?

தவணை கட்டுகிறவள்:

இந்த இழையில் இன்னும் வராத தரப்பு என்னுடையது. வேறொரு பகுதியில், நீர்நிலை தொடர்பான வழக்கில் சிக்கிய ஒரு திட்டத்தில் நாங்கள் வீடு பதிவு செய்திருக்கிறோம். கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் (ரெரா) பதிவு எண்ணைப் பார்த்தோம், திட்ட அனுமதி இருந்தது, வங்கி தன் வழக்குரைஞரை வைத்துப் பத்திரங்களைச் சரிபார்த்துத்தான் கடன் தந்தது. இதற்கு மேல் ஒரு குடும்பம் எதைச் சோதிக்க முடியும்? இப்போது வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கேரளத்தில் மரடு நகராட்சியில் நடந்ததை அதன் பிறகுதான் வரி வரியாகப் படித்தேன். 2006இல் உள்ளாட்சி தந்த அனுமதியை வைத்துக் கட்டிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடிந்தவற்றில் 343 வீடுகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் தரும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. வீட்டின் முழு விலையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டிய காலத்தில் உப்பங்கழியின் கரையில் மீன் பிடித்தவர்களையும் பக்கத்து வீட்டாரையும் வெளிப்படையாகக் கேட்டு, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்திருந்தால், வாங்கப் போனவர்கள் அந்தப் பதிவையாவது படித்திருப்பார்கள்.

ஆகவே ஏரிக்கரை ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதும் ஆட்சேபணை அரசுக்கு மட்டும் போய்க் கோப்பில் தங்கிவிட வேண்டாம். நாளை அங்கே முன்பணம் கட்ட வருகிற என்னைப் போன்ற ஒருத்தியின் கண்ணில் படும் இடத்திலும் அது இருக்க வேண்டும்.

பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்து மனம் கனத்தது. எங்கள் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பேச்சு முழுமையாகும் என்று நினைக்கிறேன்.

பெரும்பாக்கத்தில் சுமார் 20,000 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பை அரசு கட்டியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் எங்களை அப்புறப்படுத்தி இங்கே கொண்டுவந்தார்கள். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று காரணம் சொன்னார்கள். கொண்டுவந்து விட்ட இடத்தையும் 2015இலும் 2023இலும் தண்ணீர் சூழ்ந்தது. இந்த இடம் உங்களுக்கு ஒத்துவருமா, வேலைக்குப் போக எத்தனை பேருந்து மாற வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று கட்டுவதற்கு முன்னால் யாரும் என் தாயாரைக் கேட்கவில்லை. வீட்டு வேலைக்கு நடந்தே போய்வந்தவர் அவர். இங்கே வந்த பிறகு விடியற்காலை நான்கரைக்கு எழுந்து பேருந்துக்கு நின்று, ஓராண்டில் வேலையை விட்டுவிட்டார்.

பொதுமக்கள் கருத்து என்று பேசும்போது யார் அந்தப் பொதுமக்கள் என்று நான் கேட்பது அதனால்தான். குடியிருப்போர் நலச் சங்கம் வைத்திருப்பவர்களுக்கு மனு எழுதத் தெரியும், படித்தவர்கள் இருக்கிறார்கள், வழக்குரைஞரைத் தெரியும். அப்படிப்பட்ட சங்கங்களில் சில, பக்கத்தில் ஏழைகளுக்கு வீடு வருகிறது என்றால் "பகுதியின் தரம் குறையும்" என்று எழுதிக் கொடுத்ததையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு நிலத்தில் வீடு வருவதால் பாதிப்பு யாருக்கு என்பதோடு, அங்கே குடியேறப் போகிறவர்கள் யார், அவர்களுடைய பேச்சு எந்தக் கூட்டத்தில் ஏறும் என்பதையும் விதியில் எழுத வேண்டும். கூட்டத்தை வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகும் ஒருவர்கூட வர முடியாது.

இங்கிலாந்தில் வசிப்பவர்:

தங்கை சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. நான் லண்டனின் புறப்பகுதி ஒன்றில் இருக்கிறேன். இங்கே கட்டட விண்ணப்பம் வந்தால், உள்ளாட்சி மன்றம் பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் அனுப்பும், அல்லது தெரு விளக்குக் கம்பத்தில் அறிவிப்பைக் கட்டும். வரைபடங்கள் எல்லாம் இணையத்தில் இருக்கும். வழக்கமாக 21 நாள்கள் அவகாசம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். சர்ச்சைக்குரிய பெரிய திட்டமானால், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் குழு பொது அமர்வில் முடிவெடுக்கும். அங்கே ஊர்க்காரர் ஒருவர் சில நிமிடங்கள் பேசவும் இடம் உண்டு.

இதில் நம் ஊருக்குப் பயன்படக்கூடியது ஒரு வரையறை. வெளிச்சம் மறைவது, போக்குவரத்து, வெள்ளம், பக்கத்து வீட்டின் அந்தரங்கம் போன்றவற்றை மட்டுமே காரணமாக எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டு விலை குறையும், என் ஜன்னலின் காட்சி போய்விடும், இன்ன மக்கள் வரக் கூடாது என்று எழுதினால் அவை கணக்கில் வராது. இந்த வரையறை இருந்தும், வீடு வாங்க முடியாத இளையவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. வீடும் ஓய்வும் உள்ளவர்களே வருகிறார்கள். இங்கே பல ஆண்டுகளாகத் தொடரும் குறை இது. இன்னொன்று, அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கிடைத்துவிட்டால் எதிர்த்தவர்களுக்கு அப்படி ஒரு மேல்முறையீடு இல்லை; முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் நீதிமன்றச் சீராய்வு மட்டும்தான்.

வழக்குரைஞர், சென்னை:

மேல்முறையீடு பற்றிய பேச்சு வந்ததால் நம் நிலையைச் சொல்கிறேன், ஏனெனில் இதில் நாள் தவறிக் கெட்டவர்கள் மிகப் பலர்.

சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டால், பாதிக்கப்பட்ட எவரும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் 16ஆம் பிரிவின்படி 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள் வரை தீர்ப்பாயம் பொறுக்கும். அதற்குப் பிறகு ஒரு நாள் தாமதமானாலும் கதவு அடைபட்டுவிடும். விண்ணப்பம் முதல் அனுமதிக் கடிதம் வரை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. வாரம் ஒருமுறை உங்கள் மாவட்டத்தைத் தேடிப் பார்ப்பதற்கென்று தெருவில் ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். கருத்துக் கேட்பு கட்டாயமான திட்டங்களுக்குச் சுருக்க அறிக்கையை வட்டார மொழியிலும் தர வேண்டும், 30 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். வீட்டுத் திட்டங்கள் கலந்தாய்விலிருந்து விலக்குப் பெற்றதால் தமிழ்ச் சுருக்கமும் சேர்ந்தே போய்விட்டது. கூட்டம் பறிபோனதைவிட இது பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் தெரியாத ஒன்றை யாரும் எதிர்க்கவும் முடியாது, ஆதரிக்கவும் முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் பதிலுக்கு 30 நாள்கள் ஆகும். உங்கள் ஆட்சேபணைக் கெடு அதற்குள் முடிந்துவிடலாம். ஆகவே நகல் கேட்டுக் காத்திராமல், கோப்பை நேரில் பார்வையிட வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. மறுத்தால், மறுத்ததையே மனுவில் ஒரு பத்தியாக எழுதி, கூடுதல் ஆட்சேபணை அளிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். மனுவில் எழுப்பாத ஒன்றைப் பின்னால் நீதிமன்றத்தில் புதிதாகக் கிளப்பினால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

பள்ளிக்கரணை குறித்து ஒரு விவரம். ராம்சார் பரப்பில் காப்புக்காடாக உள்ள பகுதி போக, எஞ்சிய நிலத்தில் பட்டா நிலங்களும் அடங்கும் என்பதால்தான் எல்லையைத் தரையில் சரிபார்ப்பது சிக்கலாகியிருக்கிறது. அந்தப் பணியும், தலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியான தாக்கப் பகுதியை வரையறுப்பதும் முடியும்வரை, தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. உங்கள் நிலம் அந்தத் தொலைவுக்குள் வருகிறதா என்பதை நிலஅளவையர் ஐயாவிடம் கேட்டு அளந்துவிடுங்கள். வருமானால் அதுவே மனுவின் முதல் பத்தி.

ஓய்வுபெற்ற நிலஅளவையர்:

அளந்து தருகிறேன், சர்வே எண்களை மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அந்த ஒரு கிலோமீட்டர் தொலைவையே முழுதாக நம்பியிருக்க வேண்டாம். தென்சென்னையின் பல ஏரிகள் ஒன்றுக்கொன்று உபரிநீரை விட்டு, கடைசியில் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகின்றன. மடுவு குறுகிய இடம். மேலே ஓர் ஏரியின் வாய்க்காலை அடைத்தால், ஐந்து கிலோமீட்டர் கீழே இருக்கும் பெரும்பாக்கத்துத் தங்கையின் குடியிருப்பில் தண்ணீர் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும். மனுவில் அவர்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கலாமே?

ஏரிக்கரைவாசி:

சேர்க்கிறோம். நேற்று மாலை தெருவில் இருபத்திரண்டு வீட்டார் கூடினோம், இந்த இழையை அச்செடுத்து வாசித்தோம். சிலவற்றை மாற்றிக்கொண்டோம். முதல் வரைவில் "அமைதியான பகுதியின் தன்மை கெடும்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதை நான்தான் எழுதினேன். பெரும்பாக்கத்துத் தங்கையின் பதிவைப் படித்த பிறகு, அந்த வாக்கியம் உண்மையில் யாரை வர வேண்டாம் என்கிறது என்று யோசித்து நீக்கிவிட்டேன். அந்த இடத்தில், திட்டம் வருமானால் உபரிநீர் வாய்க்காலை அதன் பதிவேட்டு அகலத்துக்கு மீட்டு, இருபுறமும் கட்டடமில்லாமல் விட வேண்டும் என்ற கோரிக்கையை வைத்திருக்கிறோம். கட்டடப் பொறியாளர் நண்பர் ஒருமுறை படித்து, தொழில்நுட்பத்தில் பிழை இருந்தால் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

சுவரில் வெள்ளக் கறையை அளக்கும் வேலையை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நால்வர் எடுத்திருக்கிறார்கள். பதினேழு வீடுகள் முடிந்துவிட்டன. மிக்ஜாமின்போது தண்ணீர் ஏறிய அதிகபட்ச அளவு, தெருவின் தாழ்ந்த முனையில் நான்கடி இரண்டங்குலம்.

எங்கள் ஊராட்சியில் அடுத்த கிராம சபையிலும் இதை வைக்கிறோம். அதன் தீர்மானம் திட்டமிடல் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது என்று தெரியும், ஆனாலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் வீடு வாங்க வருகிறவர் நகல் கேட்டுப் படிக்கலாம் என்பதால், தவணை கட்டும் சகோதரிக்காகவே அதைச் செய்கிறோம். கிராம சபையை ஞாயிறு மாலைக்கு மாற்ற முடியாது, தேதி அரசு குறித்தது. ஆகவே முந்தைய ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பிள்ளையார் கோவில் திடலில் வரைபடத்தைத் தமிழில் விளக்கும் கூட்டம் ஒன்றை நாங்களே வைத்திருக்கிறோம். நிலஅளவையர் ஐயா வர இசைந்திருக்கிறார்.

ஆட்சேபணை மனு வரும் திங்கள்கிழமை நேரில் அளிக்கப்படும். இரண்டு படி எடுத்துப் போய், ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கி, அதன் படத்தை அன்று மாலையே இங்கே ஏற்றுகிறேன்.